குறுகிய மணமும் குறையாத கடனும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் எம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் ஒரு சொற்போர் நிகழ்த்தினர். "நீடியாத மணத்திற்கு ஜீவனாம்சம் வேண்டுவதின்று" என்பது பொருள். ஒட்டிப் பேசிய மாணவர் ஒருவர், "பத்து மாதம் உடன் வாழ்ந்ததற்குப் பல்லாண்டு பணம் செலுத்துவது எந்த நியாயத்தின்பாற்படும்?" என்று வினவியபோது மண்டபம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. வெட்டிப் பேசியோர் பெண்களின் துயரத்தை உருக்கமாக எடுத்துரைத்தனரேனும், அவ்வினாவிற்கு நேர் விடை கூறிற்றிலர். முடிவில் ஒட்டிப் பேசியோரே வென்றனர்.

கூட்டங் கலைந்த பின்னர், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாயிலருகே எமக்காகக் காத்து நின்றார். "ஐயா, என் அக்காளுக்கு மணமாகி இரண்டாண்டு நிரம்பவில்லை. இப்போது தீர்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரு பத்திரம் எழுதி வந்திருக்கிறார்கள். அதில் அவள் கையெழுத்திடலாமா?" என்று மெல்லக் கேட்டார். அவ்வினா எம் உள்ளத்தைத் தைத்தது. மேடையில் விளையாட்டாக வாதித்த பொருள் ஒரு வீட்டில் உண்மையாகவே நிகழ்ந்துகொண்டிருந்தது. அன்றிரவே நாம் சட்ட நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். வழக்கறிஞராய் விளங்கும் பழைய மாணவர் ஒருவரையுங் கலந்தோம். அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றை, அக்குடும்பத்தார் இன்னாரென விளங்காதவாறு சில விவரங்களை மாற்றி, ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சொற்பொருள்

ஜீவனம் என்பது பிழைப்பு. அம்சம் என்பது பங்கு. ஆகவே ஜீவனாம்சமாவது பிழைத்திருத்தற்குரிய பங்கு என்பதாம். ஆங்கில நூலார் வழங்கும் 'அலிமனி' என்னுஞ் சொல்லும் உணவூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்ததே. இருமொழிச் சொற்களும் ஒரே கருத்தைச் சுட்டுதல் காண்க. ஜீவனாம்சமென்பது குற்றத்திற்கு விதித்த அபராதமுமன்று. உடன் வாழ்ந்ததற்குக் கொடுத்த கூலியுமன்று. தன்னைச் சார்ந்து நிற்பவர் உண்டு உடுத்து உயிர் வாழ்தற்கு ஒருவன் செய்ய வேண்டிய கடமையே அது.

சொற்போரில் நேர்ந்த பிழை யாதெனின், இரு வேறு கடன்களை ஒன்றெனக் கொண்டமையே. மணமுறிவின்போது எழும் கடன்கள் இரண்டு. ஒன்று, மணத்துணைவர் ஒருவர் மற்றவர்க்கு ஆற்றும் கடன். மற்றொன்று, பெற்றோர் தாம் பெற்ற குழந்தைக்கு ஆற்றும் கடன். முன்னது மணத்தினின்றும் பிறந்தது. ஆதலின் அம்மணத்தின் நீட்சி சுருக்கங்களைப் பொறுத்துக் கூடவுங் குறையவுங் கூடும். பின்னது குழந்தையின் பிறப்பினின்றும் எழுந்தது. அதற்கும் மணத்தின் வயதிற்கும் யாதோர் இயைபுமில்லை. இவ்வேறுபாட்டை உளங்கொண்டார்க்கு ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

நம் நாட்டிற் கிறிஸ்தவர்களுக்கென 1869-ஆம் ஆண்டிலேயே விவாகரத்துச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வழக்கு நடைபெறுங்கால் மனைவிக்கு அளிக்கும் ஜீவனாம்சம் கணவனது சராசரி நிகர வருமானத்தில் ஐந்திலொரு பங்கிற்கு மேற்படலாகாது என்று அது வரையறுத்திருந்தது. கணவன் மனைவியின் ஒழுக்கக்கேடு ஒன்றனையே காட்டி விவாகரத்துப் பெறலாம். மனைவியோ கணவனது ஒழுக்கக்கேட்டோடு கொடுமை, கைவிடல் முதலியவற்றுள் ஒன்றனையும் சேர்த்து மெய்ப்பித்தல் வேண்டும். இவ்விரு குறைகளும் 2001-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கின.

இந்துக்களிடையே மணம் ஒரு சமஸ்காரமாகக் கருதப்பட்டமையின், சிற்சில வகுப்பாரின் வழக்காற்றிலன்றிப் பொதுவாக விவாகரத்து இல்லாதிருந்தது. மணம் முறியாதாயினும் தக்க காரணமுளதேல் மனைவி தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறலாம் என்பதை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் இருதார மணத்தை விலக்கி விவாகரத்திற்கும் இடந் தந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் 1955-இல் இந்து விவாகச் சட்டமும், 1956-இல் இந்துத் தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டமும் தோன்றின. பதிவு மணம் புரிவார்க்கு 1954-ஆம் ஆண்டின் தனி விவாகச் சட்டம் உளது.

இவையேயன்றி, எம்மதத்தினர்க்கும் பொதுவாயதொரு வழியும் உண்டு. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 488-ஆம் பிரிவு, வசதி படைத்திருந்தும் தன் மனைவியையும் மக்களையும் பேணாது விட்டவனை மாதந்தோறும் பணம் செலுத்துமாறு நீதிபதி கட்டளையிடலாம் என்றது. 1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் அது 125-ஆம் பிரிவாயிற்று. விவாகரத்துப் பெற்று மறுமணம் புரியாதிருப்பவளும் 'மனைவி' என்னுஞ் சொல்லுள் அடங்குவாள் என்பது அப்பொழுதே சேர்க்கப்பட்டது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்கலாகாது என்றிருந்த எல்லை 2001-இல் அகற்றப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்பகுதி 144 முதல் 147 வரையுள்ள பிரிவுகளாக அமைந்துள்ளது.

முகம்மதிய மாதர் பொருட்டு 1986-இல் தனிச்சட்டம் ஒன்று எழுந்தது. மணவிலக்குப் பெற்றவளது எதிர்கால வாழ்விற்கும் போதிய நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்திற்குள்ளேயே முன்னாட் கணவன் செய்தல் வேண்டும் என 2001-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் கண்டது. அவர்கள் பொதுச் சட்டத்தின் வழியையும் நாடலாம் என 2024-இல் மீண்டும் தெளிவுறுத்தியது. ஈண்டு நமக்கு வேண்டுவதொரு தீர்ப்பு 1997-ஆம் ஆண்டினது. தனிச்சட்டத்தில் குழந்தை பிறந்து இரண்டாண்டு வரையே தாய்க்குப் பணங் கொடுக்க வேண்டுமெனக் கூறியிருத்தலைக் காட்டி, அதன்பின் தனக்குப் பொறுப்பில்லையெனத் தந்தை ஒருவர் வாதித்தார். அவ்வரையறை தாய் தன் பொருட்டுக் கேட்பதைப் பற்றியது. குழந்தையின் உரிமை அதனின் வேறானது. பருவமெய்துங்காறும் அது நிலைத்திருக்கும் என நீதிமன்றம் விடையிறுத்தது. நாம் மேலே பிரித்துக் காட்டிய இரு கடன்களும் இத்தீர்ப்பில் தெள்ளிதிற் பிரிந்து நிற்றல் காண்க.

மனைவிக்குரியது: மணத்தின் வயது எவ்வளவு செல்லும்?

இனி முதற்கடனை ஆராய்வாம். வழக்கு நடைபெறும் காலத்து வேண்டப்படுவது இடைக்கால ஜீவனாம்சம்; தீர்ப்பின்போதோ அதன் பின்னரோ வேண்டப்படுவது நிரந்தர ஜீவனாம்சம். இந்து விவாகச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு முன்னதையும், 25-ஆம் பிரிவு பின்னதையும் கூறும். இச்சட்டத்தின்படி வருமானமில்லாத கணவனும் வருமானமுள்ள மனைவியிடம் கேட்கலாம் என்பது பலர் அறியாத செய்தி.

இத்துணைத் தொகை என்று எச்சட்டமும் அட்டவணை வகுத்திலது. கணவனது நிகரச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 பங்கு தக்கதென 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதுண்டு. அதனை எவ்வழக்கிற்கும் பொருந்தும் வாய்பாடாகக் கருதுவது பிழை. 2020-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் அந்நீதிமன்றம் நாடெங்குமுள்ள நீதிமன்றங்களுக்கு நெறிகளை வகுத்தளித்தது. இருவர் நிலை, நியாயமான தேவைகள், கல்வி, வருமானம், மணத்தின் முன் மனைவி பார்த்த உத்தியோகம், குடும்பத்தின் பொருட்டு அவள் கைவிட்ட வாய்ப்பு, கணவனது வருமானமும் அவன் தாங்க வேண்டிய பிற பொறுப்புகளும் எனப் பலவற்றையுஞ் சீர்தூக்கியே தொகையை வரையறுத்தல் வேண்டும் என்பது அந்நெறி.

மணத்தின் நீட்சியும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுளது. இக்காலத்துப் பல மணங்கள் நெடிது நில்லாமையின், வாழ்நாள் முழுவதும் ஒருவர் மற்றவர்க்குச் செலுத்துமாறு பணித்தல் சிலவிடத்து நடுநிலையாகாது. ஆதலின் நிரந்தர ஜீவனாம்சத்தை வரையறுக்குங்கால் மணம் நிலைத்த காலத்தையும் கருதுக என்பது அதன் கருத்து. ஆகவே நம் மாணவர் மேடையில் எழுப்பிய வினாவிற்கும் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாம்.

ஆயினும் 'ஓரளவு' என்பதை மறத்தலாகாது. மணத்தின் குறுமை தூக்குக்கோலில் இடப்படும் பல பொருள்களுள் ஒன்று, அதுவே கோலன்று. பத்து மாத மணத்திற்கெனத் தான் பார்த்த வேலையை விட்டு வேற்றூர் சென்றவள், திரும்பி வந்து அவ்வேலையை மீண்டும் பெறுதல் எளிதன்று. கைக்குழந்தையோடிருப்பவளுக்கு அது பின்னும் அரிது. உழைக்கத் தகுதியுடையவளாயிருத்தலும் உண்மையில் உழைத்துப் பொருளீட்டுதலும் வேறு வேறென்றும், 'தன்னைப் பேணிக்கொள்ள இயலாதவள்' என்பதற்கு முற்றும் வறியவளாதல் வேண்டுமென்பது பொருளன்றென்றும் உச்ச நீதிமன்றம் கூறியுளது. மறுபுறத்தே, போதிய ஊதியம் பெறும் மனைவி, குழந்தையில்லாத சின்னாள் மணத்தின் முடிவில் பெருந்தொகை கேட்பாளாயின் அது குறைதலும் மறுக்கப்படுதலும் இயல்பே.

பிற நாட்டு முறைகளும் இவ்வேறுபாட்டையே காட்டுகின்றன. ஸ்காட்லாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், துணைவரைச் சார்ந்து வாழ்ந்தவர் புது நிலைமைக்குத் தம்மை இயைத்துக்கொள்ளுதற் பொருட்டு அளிக்கும் உதவிக்கு மூன்றாண்டு எல்லை வகுத்துளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பத்தாண்டிற்குட்பட்ட மணமாயின் அதன் நீட்சியிற் பாதிக்காலம் பணம் பெறுதல் போதுமென்பது பொது வழக்கு. இவ்வெல்லைகள் யாவும் துணைவர்க்கே உரியன. அவ்விடங்களிலும் குழந்தையின் செலவை மணத்தின் வயது கொண்டு அளப்பாரில்லை.

குழந்தைக்குரியது: காலத்தாற் குறையாதது

இனி இரண்டாங் கடனைக் காண்போம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, இந்து ஒருவர் தம் மைனர் மக்களைப் பேணக் கடமைப்பட்டவர் என்கிறது. இக்கடமை தந்தை தாய் இருவர்க்கும் உரியது. பொதுச் சட்டமோ முறைப்படி மணந்தார்க்குப் பிறந்த குழந்தை, அங்ஙனமல்லாத குழந்தை என்னும் வேற்றுமையின்றி இரண்டற்கும் ஜீவனாம்சம் அளிக்கிறது. இதனின்றும் நாம் உணர்வதென்? மணமே இல்லாதவிடத்தும் குழந்தையின் உரிமை நிற்குமாயின், மணம் பத்து மாதமே நின்றது என்னுங் காரணத்தால் அவ்வுரிமை எங்ஙனங் குறையும்? சொற்போரில் எழுந்த வினாவிற்கு இதுவே நேர் விடையாம்.

இவ்வுரிமை 18 வயது நிரம்புங்காறும் உளது. உடல் அல்லது மனக்குறைபாட்டால் தன்னைப் பேணவியலாத மகனுக்கும் மணமாகாத மகளுக்கும் அதன் பின்னரும் பொதுச் சட்டம் துணை செய்கிறது. இந்துப் பெண்ணாயின், தனக்கெனப் போதிய பொருளின்றி இருக்குமளவும், மணமாகும் வரை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கேட்க இடமுண்டு.

உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகிய யாவும் குழந்தையின் செலவில் அடங்கும் எனவும், தாய் போதிய ஊதியம் பெறுபவளாயின் அச்செலவை இருவரும் தத்தம் வருமானத்திற்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம் எனவும் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது. தாய் மறுமணம் செய்துகொள்வாளாயின் அவளுக்குரிய ஜீவனாம்சம் மாற்றப்படவோ நிறுத்தப்படவோ கூடும். தந்தை குழந்தைக்குச் செய்ய வேண்டிய கடன் அதனால் தீர்ந்துபோகாது. தந்தை மறுமணம் செய்துகொண்டாலும் அஃதவ்வாறே.

பத்திரத்தை ஆராய்தல்

இனி எம் மாணவர் கொணர்ந்த பத்திரத்திற்கு வருவோம். அவருடைய அக்காள் பட்டதாரி. மணத்தின் முன் ஒரு பள்ளியில் ஆசிரியையாய் இருந்தவள். கணவனோடு பத்து மாதம் வாழ்ந்து, ஏழாம் மாதத்திற் பிரசவத்தின் பொருட்டுத் தாய் வீடு வந்தாள். குழந்தை பிறந்த பின்னரும் அழைத்துச் செல்வார் எவரும் வந்திலர். இரு வீட்டாரும் பேசி, ஒத்த மனத்தோடு விவாகரத்துக் கோருவதென முடிவு செய்தனர். இதற்கு இந்து விவாகச் சட்டத்தில் 1976-இற் சேர்த்த 13-பி பிரிவு இடந்தருகிறது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். மனுச் செய்த பின்னர் ஆறு மாதங் கழித்து இருவரும் மீண்டும் நீதிபதியின் முன் தம் உடன்பாட்டைக் கூறுதல் வேண்டும். தக்கவிடத்து அவ்வாறு மாதக் காலத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

பத்திரத்திற் கண்டது இது: மனைவி 3,00,000 ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொள்வது, அவளும் குழந்தையும் இனி எக்காலத்தும் எவ்விதப் பாத்தியதையும் கோருவதில்லை. தொகை பெரிதென்றே அவ்வீட்டார் எண்ணியிருந்தனர். நாம் ஒரு கணக்கிட்டுப் பார்த்தோம். தீர்ப்பு வருங்கால் குழந்தைக்கு ஒன்றரை வயதிருக்கும் எனக் கொள்க. 18 வயது நிரம்ப இன்னும் 198 மாதங்கள் உள. தாய்க்கென ஒரு காசும் ஒதுக்காது முழுத்தொகையும் குழந்தைக்கே என வைத்துக்கொள்ளினும், மூன்று லட்சத்தை 198 ஆல் வகுத்தால் மாதமொன்றுக்கு 1,515 ரூபாய் வருகிறது. மாதம் 5,000 ரூபாய் என்று பேசியிருப்பின் அதே காலத்திற்கு 9,90,000 ரூபாய் ஆகும். தொகையை வங்கியிலிட்டால் வட்டி வரும் என்பர், உண்மையே. ஆயினும் பால் முதற் பள்ளிக் கட்டணம் ஈறாக யாவற்றின் விலையும் ஆண்டுதோறும் ஏறுவதையும் உடனெண்ணுதல் வேண்டும். இக்கணக்கைக் கண்ட மாணவர் நெடுநேரம் ஒன்றும் பேசிற்றிலர்.

பத்திரத்தின் மற்றொரு குறை இதனினும் பெரிது. மனைவி தனக்குரியதைத் தானே அறிந்து விட்டுக்கொடுத்தல் ஒன்று; பேசவறியாத குழந்தையின் உரிமையை அவள் பெயரால் எழுதிக்கொடுத்தல் மற்றொன்று. குழந்தையின் சோறு பெற்றோரிருவர் பேரம் பேசுதற்குரிய பண்டமன்று. குழந்தையின் பாதுகாப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்த கட்டளைகளைக் காலத்திற்கேற்ப மாற்றவும், தீர்ப்பிற்குப் பின்னரும் புதிதாகப் பிறப்பிக்கவும் இந்து விவாகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரந் தந்துள்ளது. ஆதலின் இத்தகைய பத்திரம் குழந்தையின் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும் எனத் தந்தையார் வீட்டார் நம்புதலும் வீண். எல்லாம் போயிற்றெனத் தாய் வீட்டார் நெஞ்சுடைதலும் வேண்டுவதின்று. எனினும், பின்னர் வழக்காடித் திருத்துவதினும் முன்னரே செம்மையாய் எழுதுதல் அறிவுடைமையாம்.

பத்திரத்தில் வேறொன்றும் விடுபட்டிருந்தது. பெண் வீட்டார் அணிவித்த நகையும் கொடுத்த பாத்திரபண்டமும் பற்றி ஒரு சொல்லுமில்லை. ஸ்திரீதனம் பெண்ணின் சொந்த உடைமை. அதனைத் திருப்பிக் கொடுத்தல் ஜீவனாம்சம் ஆகாது. அதற்கு ஈடாகக் கழித்துக்கொள்ளவும் படாது. நகைகளின் பட்டியல் தனியே எழுதப்பட்டு, ஒப்படைத்த நாளும் குறிக்கப்படுதல் நலம்.

கேட்கும் வழியும் பெறும் வழியும்

உடன்பாடு ஏற்படாதவிடத்துச் செய்யத்தக்கதையும் சுருங்கக் கூறுவாம். பொதுச் சட்டத்தின்கீழ் மனுச் செய்ய, கணவன் இருக்குமூரைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. மனைவி தான் வாழும் மாவட்டத்திலேயே செய்யலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அதன்கண்ணும், இல்லாதவிடத்து நீதித்துறை நடுவர்முன்னும் மனு செல்லும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், அவர்தம் வருமானம் எவ்வளவாயினும், வழக்கறிஞர் உதவியை இலவசமாக அளித்தல் வேண்டுமென்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மாவட்டந்தோறும் நீதிமன்றத்தை அடுத்துள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதனைக் கேட்டுப் பெறலாம்.

இருதிறத்தாரும் தத்தம் சொத்து, வருமானம், கடன், செலவு ஆகியவற்றை விரித்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தல் வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் வந்த நல்விதி. வருமானத்தை மறைத்தல் முன்போல் எளிதன்று. ஜீவனாம்சம் மனுச் செய்த நாள் முதற்கொண்டே கணக்கிடப்படும். இடைக்கால மனுவை இயன்றவரை 60 நாட்களுள் முடித்தல் வேண்டுமென்று சட்டங் கூறும். எனினும் நடைமுறையிற் பல மாதங்கள் கழிதலுமுண்டு.

கட்டளை பிறந்தும் செலுத்தாதவன் மீது வாரண்டு பிறப்பித்துத் தொகையை வசூலிக்கலாம். அப்பாலும் செலுத்தாதிருப்பின் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையிடலாம். சிறையிலிருந்ததனால் கடன் தீர்ந்தது என்பதில்லை என 1989-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. வசூலுக்கான விண்ணப்பத்தைப் பணம் செலுத்தவேண்டிய நாளினின்று ஓராண்டிற்குள் கொடுத்தல் வேண்டுமாதலின், பெறுபவர் சோம்பியிருத்தலாகாது. செலுத்துபவனது வேலை போயிற்று, நோய் வந்தது, அன்றிக் குழந்தையின் செலவு கூடிற்று எனின், தொகையை மாற்றக் கோரி இருவரும் மனுச் செய்யலாம். வேலையில்லை என்று வாளாவிருப்பதோ போதாது. உழைக்கத் தக்க உடல் வலியுள்ளவனுக்கு அது சாக்காகாதென 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கூறும்.

தடையும் விடையும்

"பெண்கள் சிலர் பணத்தின் பொருட்டே வழக்கிடுகின்றனரே" என்பார் உளர். அத்தகையார் இலரென்று நாம் கூறோம். பொய்யுரைப்பார் இருபாலிலும் உளர். அவரைக் கண்டுபிடித்தற்கே பிரமாணப் பத்திரமும் குறுக்கு விசாரணையும் உள்ளன. ஒருத்தியின் பேராசையைக் காட்டி வேறொருத்தியின் குழந்தைக்குப் பால் மறுத்தல் முறையாகாது.

"என் குழந்தையைக் காட்ட மறுக்கிறாள், நான் ஏன் பணம் தருதல் வேண்டும்?" என்பது வேறொரு தடை. இதன் மறுதலையாக, "பணம் தரவில்லை, நான் ஏன் குழந்தையைக் காட்டுதல் வேண்டும்?" என்பாளும் உண்டு. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் விதி. எனினும் தந்தை அதனைக் காணவும் கொஞ்சவும் நீதிமன்றத்தில் வழி கேட்கலாம். காட்டாமைக்குத் தண்டனையாகச் சோற்றை நிறுத்துவதும், சோறிடாமைக்குத் தண்டனையாக முகத்தை மறைப்பதும் ஒன்றையொன்று ஒத்த பிழைகளே. இரண்டிலும் அடிபடுவது குற்றமேதுமறியாத குழந்தை.

முடிவுரை

எம் மாணவர் வினாவிற்கு நாம் கூறிய விடை இது: "தம்பி, அப்பத்திரத்தில் இப்பொழுது கையெழுத்திட வேண்டா. முதலிற் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு உன் அக்காளை அழைத்துச் செல். அவளுக்குரியது இவ்வளவு, குழந்தைக்குரியது இவ்வளவு, நகை இவ்வளவு என்று மூன்றனையும் வெவ்வேறாக எழுதச் சொல். தனக்குரியதில் அவள் எதையேனும் விட்டுக்கொடுக்க விரும்பின் விடட்டும். குழந்தையினதை விடுதற்கு அவளுக்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை."

சில வாரங்கழித்து அவர் மீண்டும் வந்தார். பத்திரம் திருத்தி எழுதப்பட்டது என்றும், குழந்தைக்கு மாதந்தோறும் ஒரு தொகை வங்கியிற் செலுத்துவதெனவும் ஆண்டுதோறும் அதனைச் சிறிது உயர்த்துவதெனவும் தந்தை இசைந்தார் என்றும், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் வந்து குழந்தையைக் காண்பதாக ஏற்பாடு என்றும் கூறினார். "முதல் நாள் வந்தபோது குழந்தை அவரிடம் போகவில்லை, ஐயா, அழுதது. அடுத்த முறை போயிற்று" என்றார்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ மாணவியருட் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளில் மணம் புரிவீர்கள். உங்கள் இல்லறம் நீடூழி வாழ்க என்பதே எம் வாழ்த்து. ஆயினும் வழக்கறிஞராயும் ஆசிரியராயும் ஊர்ப் பெரியவராயும் உங்களிற் பலர் பிறர் வீட்டுப் பத்திரங்களைப் படித்துப் பார்க்கும் நிலைக்கு வருவீர்கள். அப்பொழுது, மணம் எத்தனை மாதம் நின்றது என்று கேட்பதற்கு முன், குழந்தைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். அடுத்த சொற்போரிலேனும் வெட்டிப் பேசுவோர் இவ்வினாவை எழுப்புவாராக.